சுயசேவை லைனில் ஒரு நாற்காலி

1. முதல் நாள் வாய்க்கு மட்டும் வேலை

பெட்ரோல் பங்க்கில் நான் சேர்ந்த முதல் நாள், குழாயின் முனையில் இருக்கிற நாசிலை என்னைத் தொடவே விடவில்லை. சேலைக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு காக்கிச் சட்டையைக் கொடுத்து, மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார் மேனேஜர் பூமிநாதன். என்னைவிட வயதில் சின்னவர். அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"செல்லமணிக்கா, இன்னைக்குப் பூரா நீங்க ஜீரோ மட்டும் சொல்லுங்க. போடுறத முருகேஸ்வரி பாத்துக்கிரும்."

பங்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் ஜீரோ சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி வந்து நின்றதும் நாசிலை டேங்கில் விடுவதற்கு முன்னால், "அண்ணே, ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர் மெஷினைத் திரும்பிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அதற்கு அப்புறம்தான் போட வேண்டும். குழாய்க்குள் போகிற பெட்ரோல் யார் கண்ணுக்கும் தெரியாது. மெஷினில் ஓடுகிற எண் மட்டும்தான் தெரியும். அந்த எண் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

நான் எழுமலையில் பிறந்தவள். பருத்திக் காட்டில் நின்று கூப்பிட்டால் ஓடையைத் தாண்டி மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட குரல், மதுரை விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டோரம் காக்கிச் சட்டை போட்டு நின்றபோது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. முன்பின் தெரியாத ஆம்பளைகளைப் பார்த்து சத்தமாக எப்படிச் சொல்வது என்று கூச்சம். முருகேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அக்கா, சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி முணுமுணுக்குறீக. கெளம்புற பஸ்ஸ நிப்பாட்டுற மாதிரி சொல்லுங்க."

அவள் எனக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். கை வேலை செய்யும், வாய் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் கூச்சம் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"என்ன வேல குடுத்தாக?"

"ஜீரோ சொல்ற வேல."

"அதுக்குச் சம்பளம் வேறயா?"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றவில்லை.

2. நின்றுகொண்டே பார்க்கிற வேலை

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு பங்க் வேலை என்றால் குழாயைப் பிடிப்பது. உள்ளே வந்தால்தான் தெரியும், குழாயைப் பிடிப்பது அதில் கால்வாசிதான். போனில் பேசிக்கொண்டே உள்ளே நுழைகிறவரை ஓரம் கட்டச் சொல்ல வேண்டும். வண்டியின் முன்னால் நிற்கிற பிள்ளையை, வாடை மூக்கில் ஏறாமல் இறக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முந்தானை டேங்க் பக்கம் தொங்கினால் எடுத்துச் செருகச் சொல்ல வேண்டும். கார் வந்தால் பெட்ரோலா டீசலா என்று கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னாலும் மூடியில் ஒட்டியிருப்பதையும் ஒரு தடவை படித்துக்கொள்ள வேண்டும். டேங்க் மூடியை சீட்டில் வைத்துவிட்டு அப்படியே கிளம்பிப் போகிறவர்களைக் கூவி நிறுத்துவதற்கே தனியாக ஓர் ஆள் போடலாம்.

இத்தனையும் நின்றுகொண்டே. நாற்காலி என்பது ஆபீஸ் ரூமுக்குள் மட்டும்தான். வெளியே லைனில் நிற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்று எந்த போர்டும் கிடையாது. ஆனாலும் யாரும் உட்கார்ந்ததில்லை. வண்டி வராத நேரத்தில் தூணில் சாய்ந்துகொள்வோம், இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாகப் பாரத்தை மாற்றிக்கொள்வோம்.

தினமும் வருகிறவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக்காரர். பெயர் பெரியகருப்பன். நாங்கள் வெத்தலைக்கார அண்ணன் என்போம். டிவிஎஸ் வண்டியின் முன்னும் பின்னும் நனைந்த சாக்கில் வெற்றிலைக் கட்டுகளை வைத்துக்கொண்டு காலையில் மதுரைக்குப் போவார், மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்புவார். அவர் நின்று போன இடத்தில் தரையெல்லாம் தண்ணீர் சொட்டியிருக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. ஜீரோ சொன்னால் மெஷினைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார், "ம்" என்பார், அவ்வளவுதான். உம்மணாமூஞ்சி அண்ணன் என்று முருகேஸ்வரி அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்.

சில வருடங்கள் போனதும் என் வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. படியில் இறங்கினால் உள்ளே ஏதோ உரசுவது போல ஒரு வலி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நின்னு பாக்குற வேலைய விட்டுருங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நின்று பார்க்காத வேலை எனக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

விடவும் முடியாத நிலைமை. பி.எஃப்பில் பென்ஷன் கிடைக்க வேண்டும் என்றால் இத்தனை காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான் வேலைக்கு வந்ததே தலை நரைத்த பிறகு. அந்தக் கணக்கு முடிய எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி இருந்தது. நடுவில் விட்டால் பென்ஷன் இல்லை. இந்த முழங்காலோடு இன்னொரு இடத்தில் என்னைச் சேர்க்கவும் மாட்டார்கள். அதனால் வலியை யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தேய்த்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் வீட்டில்தான் தேய்த்தேன். பெட்ரோல் வாடைக்கு நடுவில் தைல வாடை யாருக்குத் தெரியப்போகிறது என்று பிற்பாடு யோசித்தேன். பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது.

3. மேடம் சொன்ன செய்தி

எங்கள் பங்க்கின் முதலாளி ஒரு பெண். வீட்டுக்காரர் தவறிய பிறகு தானே பொறுப்பெடுத்து நடத்தினார். நாங்கள் மேடம் என்போம். அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார், ஆனால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"ரோட்டோரத்துல இருக்குற லைன சுயசேவை லைனா மாத்தப் போறோம். கம்பெனிக்காரங்க முயற்சி பண்ணிப் பாக்கச் சொல்றாங்க. வர்றவங்க போன்ல ஸ்கேன் பண்ணிப் பணத்தக் கட்டிட்டு அவங்களே போட்டுக்கிருவாங்க. ஆள் கிடைக்க மாட்டேங்குது, நான் என்ன செய்ய?"

ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை. வயசுப் பிள்ளைகள் வந்தால் ஒரு தீபாவளி வரைக்கும்தான் இருப்பார்கள். பூமிநாதன் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டார்.

"அப்ப இருக்குறவங்க மேடம்?"

"இருக்குற யாரையும் நான் போகச் சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் முடியலைனு போனா, அந்த எடத்துக்கு வேற ஆள் போட மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் முடியலை என்கிற வார்த்தை வந்ததும் என் கை தானாகச் சேலையோடு சேர்த்து முழங்காலைப் பிடித்துக்கொண்டது. முதலில் போகிற ஆள் நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தானாம், அவரவர் வண்டிக்கு அவரவர் போட்டுக்கொள்வார்களாம் என்று முருகேஸ்வரி போனில் படம் காட்டினாள். நான் பார்க்கவில்லை. அந்தப் புது மெஷினை இறக்க வந்த லாரியைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது.

4. பார்த்தேன், ஆனால் யாரும் சொல்லவில்லை

சுயசேவை லைன் ஆரம்பித்த முதல் வாரம் பங்க்கே திருவிழா போல இருந்தது. வண்டியைக் கொண்டுவந்து அந்த லைனில் நிறுத்துவார்கள், அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். யாரும் வரவில்லை என்றதும் ஹாரன் அடிப்பார்கள். பூமிநாதன் ஓடிப் போய் விளக்கம் சொல்வார்.

"அண்ணே, இது நீங்களே போட்டுக்கிற லைனு."

"காசும் குடுத்து வேலையும் நானே பாக்கணுமா? நல்லா இருக்குய்யா ஒங்க நாயம்."

இன்னொருவர் நாசிலை உருவி, அது இருக்கிற கனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டு எங்கள் லைனுக்கு வந்துவிட்டார். காலேஜ் பையன்கள் மட்டும் குஷியாகப் போட்டுக்கொண்டு, அதையும் ஒருவன் போட ஒருவன் வீடியோ எடுத்தார்கள். போனை உள்ளே வை என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிற்று. மனதுக்குள் எனக்கு சந்தோஷம். இது தேறாது, சீக்கிரமே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் மனிதர்கள் பழகிவிட்டார்கள். ஸ்கேன் செய்தார்கள், போட்டார்கள், போனார்கள். வேறு ஒரு தொல்லைதான் ஆரம்பமானது. ஒரு நாள் பரவைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறவர் தானே போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"மேனேஜரு, அளவு கொறையுது. வண்டி முள்ளு ஏறவே இல்ல."

பூமிநாதன் அளவு கேனை எடுத்துவந்து, அவர் கண் முன்னாலேயே அதே நாசிலில் பிடித்துக் காட்டினார். அளவு சரியாக இருந்தது. மளிகைக்கடைக்காரர் மசியவில்லை.

"இப்ப சரியா இருக்கு. நான் போடயில மீட்டர் ஜீரோல இருந்து ஓடுச்சானு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கதானண்ணே முன்னால நின்னு போட்டீக? மீட்டரப் பாக்கலையா?"

"பாத்தேன்."

"ஜீரோ இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா யாரும் சொல்லலையே."

முருகேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. தன் கண்ணால் பார்த்ததை இன்னொருவர் வாயால் சொன்னால்தான் அது கணக்கில் சேரும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் பழக்கம். பத்திரம் எழுதினாலும் படித்துக் காட்டச் சொல்வார்கள், தராசில் நிறுத்தாலும் நிறுத்தவன் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். மெஷின் ஜீரோவைக் காட்டும், சொல்லாது. அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டது. அந்த மாதிரிப் புகார் அடிக்கடி வர ஆரம்பித்தது.

பூமிநாதனுக்கு அளவு கேனைத் தூக்கித் தூக்கித் தோள் வலி வந்துவிட்டது. அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நான் பக்கத்து லைனில் இருந்தபடியே சுயசேவை லைனுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்தேன். என் வண்டிக்கு ஒரு ஜீரோ, அந்த வண்டிக்கு ஒரு ஜீரோ. சில நேரம் நாலு எட்டு வைத்துப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அதோடு புகார் குறைந்துவிட்டது. என் வேலைக்கு உலை வைக்க வந்த மெஷினுக்கு நானே ஒத்தாசை செய்கிறேனே என்று நினைத்து என்னையே திட்டிக்கொள்வேன். அங்குமிங்கும் நடந்ததில் முழங்கால் இன்னும் மோசமானது.

5. கால் பூட்டிக்கொண்டது

அன்று காலையில் வெற்றிலைக்காரர் என் லைனுக்கு வந்தார். ஜீரோ சொன்னேன், "ம்" என்றார். பெட்ரோல் போட்டுவிட்டு நாசிலை மாட்டத் திரும்பினேன். திரும்பியது உடம்பு மட்டும்தான். முழங்கால் அப்படியே பூட்டு விழுந்தது போல நின்றுவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழாமல் இருக்க அவர் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவர் ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் என்னையும் தாங்கிக்கொண்டார். நாசிலை என் கையிலிருந்து வாங்கி முருகேஸ்வரி மாட்டினாள்.

வெற்றிலைக்காரர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு விறுவிறு என்று ஆபீஸ் ரூமுக்குள் போனார். யாரையும் கேட்கவில்லை. உள்ளே இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு லைனுக்கும் நடுவில் மேடையாக இருக்கிற இடத்தில் போட்டார்.

"உக்காரு தங்கச்சி."

"இங்க உக்காரக் கூடாதுண்ணே."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். பூமிநாதன் ஓடி வந்தார். காலைப் பார்த்தார், வீங்கியிருந்தது. இத்தனை நாள் மறைத்தது எல்லாம் ஒரே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

"என்னக்கா இது, சொல்லவே இல்ல? ரெண்டு நாள் லீவு போட்டு வீட்டுல இருங்க. நான் மேடத்துகிட்ட பேசணும்."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் மேடத்திடம் பேசணும் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அவர் நகர்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றது வெற்றிலைக்காரர்தான். அவரிடமே கொட்டிவிட்டேன்.

"இந்த வேல போச்சுன்னா பென்ஷனும் போச்சுண்ணே. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிட்டா கரையேறிருவேன். வேற எங்கண்ணே போவேன் இந்தக் கால வச்சுக்கிட்டு?"

அவர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வண்டியில் தொங்கிய பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"தண்ணியக் குடி. மார்க்கெட்டுக்கு நேரமாச்சு, வாரேன்."

போய்விட்டார். இந்த மனுஷரிடம் போய்ச் சொன்னோமே என்று இருந்தது எனக்கு.

6. ஆபீசர் வந்தார்

இரண்டு நாள் கழித்து முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு போனேன். மேடம் இன்னும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. சுயசேவை லைன் எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ஆபீசர் வருகிற நாள் அது. வியாபாரம் சரியில்லை என்றால் அந்த மெஷினைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று மேடமே ஒரு யோசனையில் இருந்தார். நான் இல்லாத இரண்டு நாளும் அந்த லைனில் ஒரே தகராறாம்.

பூமிநாதன் என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒங்களால நிக்க முடியாது. அந்தச் சேர்ல உக்காந்துக்கிட்டு சுயசேவை லைனுக்கு ஜீரோ மட்டும் சொல்லுங்க. ஆபீசர் இருக்கயில சண்ட வேணாம்."

உட்கார்ந்து சொன்னேன். வண்டிகள் வந்தன, போட்டுக்கொண்டன, போயின. உச்சி வெயில் நேரத்தில் ஆபீசர் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்ததும் மட்டும் யோசித்தார்.

"மேடம், சுயசேவை லைன்ல எதுக்கு ஆள்? அவங்க கொஞ்சம் உள்ள இருக்கட்டும். ஆள் இல்லாம எப்படி ஓடுதுன்னு பாத்தாத்தான எனக்குத் தெரியும்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போனேன். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி நின்றேன். இனிமேல் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வாய்விட்டு அழுதிருப்பேன், ரூமில் ஏசி மெக்கானிக் இருந்தார்.

அப்போது வெற்றிலைக்காரர் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தார். வழக்கமாக எங்கள் லைனுக்கு வருகிறவர் நேராகச் சுயசேவை லைனில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் அதே மாதிரி ஈரச் சாக்கு மாட்டிய வண்டிகளில் இன்னும் இரண்டு பேர். அவர் ஸ்கேன் செய்தார், பணம் கட்டினார். நாசிலை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது.

ஆபீசர் கிட்டே போனார். கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து நான் காதைக் கொடுத்தேன்.

"ஐயா, போட்டுக்கலாம். மீட்டர்ல ஜீரோ வந்துருச்சு பாருங்க."

"இருக்கட்டும். அந்தம்மா சொல்லட்டும்."

"எந்தம்மா?"

"இங்க சேர்ல உக்காந்திருக்குமே, அந்தம்மா."

"நானே சொல்றேங்க. ஜீரோ இருக்கு."

"நீங்க இந்த பங்க்குல வேல பாக்குறீங்களா?"

ஆபீசர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப நீங்க சொன்னா எப்பிடிங்க?"

பின்னால் நின்ற இரண்டு பேரும், "ஆமா, அந்தம்மா வரட்டும்" என்றார்கள். முருகேஸ்வரி அவள் லைனில் இருந்து, "அண்ணே, நான் வேணா சொல்லட்டா?" என்றாள். "நீ ஒன் வேலையப் பாரு" என்று வெற்றிலைக்காரர் அவளையும் ஒரு அதட்டுப் போட்டார். மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"செல்லமணி, வெளிய வா."

வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். "அண்ணே, ஜீரோ பாத்துக்கங்க" என்றேன். வெற்றிலைக்காரர் "ம்" என்றார். நாசிலை எடுத்தார், ஒரு சொட்டு சிந்தாமல் போட்டார், மாட்டினார், போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. வரிசை மளமளவென்று குறைந்தது.

மேடம் ஆபீசரிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆள் இல்லாம ஓடாதுன்னு நீங்களே பாத்துட்டீங்க. ஒரு ஆள் உக்காந்திருந்தா நல்லா ஓடுது. எனக்கு நிக்கிற ஆள்தான கெடைக்கல? உக்காந்து பாக்குற ஆள் என்கிட்ட இருக்கு."

ஆபீசர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு விதத்துல நல்லதுதான் மேடம், பாதுகாப்புக்கும் ஒருத்தர் பக்கத்துல இருப்பாங்க" என்று சொல்லி, அவசரத்துக்கு அமுக்குகிற சிவப்பு பட்டன் கைக்கு எட்டுகிற மாதிரி நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"கால் எம்புட்டு நாளா வலிக்குது?"

"கொஞ்ச நாளா மேடம்."

"பொய் சொல்லாத. உக்காந்துக்கிட்டே பாக்குறியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

7. மவுசு

அதற்குப் பிறகு அந்த நாற்காலிதான் என் வேலை. அந்த லைனுக்கு ஜீரோ சொல்வேன், ஸ்கேன் செய்யத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன், கார் வந்தால் மூடியைப் படிக்கச் சொல்வேன், மூடியை மறந்து போகிறவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடுவேன். தனக்கு உடம்பு முடியாத நாட்களில் முருகேஸ்வரி வந்து, "மகாராணி, கொஞ்சம் எறங்குங்க" என்பாள். அவள் உட்காருவாள், நான் அவள் லைனில் கொஞ்ச நேரம் நிற்பேன். வெயில் காலத்தில் மேடம் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார். இப்போது யாரும் தூணில் சாய்வதில்லை.

என் பேச்சிலும் கொழுப்பு ஏறியது. என் குரலைக் கேட்காமல் சோழவந்தான்காரர்கள் பெட்ரோலே போட மாட்டார்கள் என்று ஊரெல்லாம் பீத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம், "ஜீரோ சொல்றதுக்குச் சம்பளமானு கேட்டீகளே, கம்பெனி ஆபீசரே சொல்லி எடுபடல, தெரியுமா?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது.

பென்ஷனுக்கான காலம் முடிந்தது. ஓய்வு பெறுகிற வயதும் வந்தது. கடைசி நாள் மேடம் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். பூமிநாதன் எல்லோருக்கும் வடையும் காபியும் வாங்கி வந்தார். அந்த நேரத்தில் வெற்றிலைக்காரர் வந்தார். சுயசேவை லைனில் நின்றார், பணம் கட்டினார், நாசிலை எடுத்து டேங்கில் விட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"என்னண்ணே, நான் இன்னும் ஜீரோ சொல்லவே இல்லையே."

"தெரியுதுல்ல. ஜீரோதான் இருக்கு."

"நான் சொல்லாம போட மாட்டீகளே."

அவர் பெட்ரோல் போட்டு முடித்து, நாசிலை மாட்டி, மூடியைத் திருகினார். அதற்கு அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"ஏந்தங்கச்சி, எனக்கென்ன கண்ணு தெரியாதா? நீ சொல்லித்தான் ஜீரோன்னு எனக்குத் தெரியணுமா? ஒனக்கு வேல நிக்கணுமேன்னு நின்னேன். இன்னைக்கோட ஒனக்கு முடிஞ்சுபோச்சு, இனி எதுக்கு நிக்கணும்?"

எனக்குப் புரிய நேரமாயிற்று.

"அன்னைக்கு ஆபீசர் வந்தப்ப..."

"காலையில போகயில இந்தப் புள்ளதான் சொல்லுச்சு, இன்னைக்கு ஆபீசர் வாராரு, அக்காவுக்கு வேல இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும்னு. அதான் எங்க ஊர் ஆளுக ரெண்டு பேரையும் மார்க்கெட்டுல இருந்து கையோட கூட்டியாந்தேன். அவுங்க டேங்கு அன்னைக்கு ரொம்பியே கெடந்துச்சு, சும்மா கொஞ்சூண்டு போட்டுக்கிட்டாங்க."

திரும்பி முருகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் வடையை வாயில் வைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கிண்டல் செய்கிறவள், இத்தனை காலம் நான் பீத்திக்கொண்டதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை விடவில்லை.

"வாரேன் தங்கச்சி. காலப் பாத்துக்க" என்றார் வெற்றிலைக்காரர். போய்விட்டார். நான் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வண்டி வந்து நின்றது. நான் அவர் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் முருகேஸ்வரிதான் ஓடி வந்து ஜீரோ சொன்னாள்.

சுயசேவை வந்தால் ஆளுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த பயம் பொய்யில்லை, பல இடங்களில் போகத்தான் செய்யும். எனக்குப் போகவில்லை என்றால் அதற்கு மெஷின் காரணம் இல்லை, என் குரலும் காரணம் இல்லை. மேடம் ஒரு காரணம், நாற்காலியை நகர்த்திப் போட்ட ஆபீசர் ஒரு காரணம், முருகேஸ்வரி ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே, வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று பேர்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. வண்டியில் வருகிறவர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்று நாம் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். இத்தனை வருடமும் நான் அவர்கள் டேங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் முழங்காலைப் பார்த்திருக்கிறார்கள்.